சோடிக் காளையும் எந்திரக் கையும்

முதல் நாள் – திங்கள் இரவு, அல்சூர்

காலையில் கோவையில் வந்தே பாரத் ஏறி, பிற்பகலில் பெங்களூரு கண்டோன்மென்ட்டில் இறங்கினோம், நானும் எங்கள் மேஸ்திரி அண்ணனும். கோவை கணபதியில் அப்பா தொடங்கிய, இரும்பு கடையும் லேத் பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பம்ப்செட்டுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கிறோம். ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். கணினி சொன்னபடி ஓடும் சிஎன்சி லேத் இரண்டு இருக்கின்றன, ஆனால் இரவு ஷிஃப்டுக்கு ஆள் கிடைப்பதில்லை. எந்திரக் கை ஒன்றை வாங்கி லேத்துக்கு முன்னால் நிறுத்தினால், கடைய வேண்டிய துண்டான ஜாபை எடுத்து, அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் மாட்டும், கடைந்து முடிந்ததும் எடுத்து ட்ரேயில் அடுக்கும் என்று ஒருவர் வந்து விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காகிதம் மூன்று மாதமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

அன்றிலிருந்து டீ நேரத்தில் நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. யாரை அனுப்பப் போகிறேன் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கையும் மனிதரும் ஒரே இடத்தில் சேர்ந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்வது, அதையும் தனியாகப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துத்தான் மேஸ்திரி அண்ணனை அழைத்தேன். எனக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். இன்றும் என்னை “அம்மிணி” என்றுதான் கூப்பிடுவார்.

சேலம் தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. தருமபுரிப் பக்கம் ஓர் உழவு வயல் ஜன்னலில் வந்து போனது. அதைப் பார்த்ததும் கேட்டார்: “புதுக் காளையை ஏரில் எதோடு பூட்டுவார்கள் என்று தெரியுமா அம்மிணி?”

“பழகிய எருதோடு.”

“அது எல்லோருக்கும் தெரியும். பழகிய எருது எப்படிப்பட்டது என்று பார்த்துத்தான் புதுக் காளையை வாங்க வேண்டும். இதை யாரும் செய்வதில்லை. வேகமான காளையை வாங்கிவந்து பூட்டிவிடுவார்கள். நுகத்தடி ஒரு பக்கம் இழுக்கும். கழுத்து புண்ணாவது பழைய எருதுக்கு.” காங்கேயம் பக்கத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா மாடு பழக்கியவர்.

அல்சூரில் பெரியம்மா வீடு. மாலையில் ஏரிக்கரை வரை நடந்தோம். திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009இல்தான் திறக்கப்பட்டது. அதன் முன்னால் பெரியம்மா எப்போதும் போல ஒரு நிமிடம் நின்றார். தெருவில் பூக்காரம்மா முதல் இஸ்திரிக்காரர் வரை தமிழ். மேஸ்திரி அண்ணனுக்கு ஊரை விட்டு வந்த பதற்றம் பாதி இறங்கியது.

இரண்டாம் நாள் – செவ்வாய், பீன்யா

அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, பீன்யா இண்டஸ்ட்ரியில் இறங்கினோம். படியில் இறங்கும்போதே கூலண்ட் வாடை. பிறந்த வீட்டுக்கு வந்தது போல இருந்தது. 1970களில் உருவான தொழிற்பேட்டை. சந்துக்குச் சந்து பட்டறை. கணவரின் கல்லூரித் தோழர் ஒருவர் இங்கே சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறார், தருமபுரிக்காரர். எட்டு மாதமாக ஓர் எந்திரக் கை ஓட்டுகிறார்.

நாங்கள் முதலில் தேடியது வேலியைத்தான். கார்த் தொழிற்சாலைகளில் பார்த்த ரோபோக்களைச் சுற்றி ஆளுயரக் கம்பிவேலி இருக்கும், கதவைத் திறந்தால் எந்திரம் நின்றுவிடும். அந்த வேலிக்கு ஒரு காரணம் உண்டு. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி, அடுக்கில் இருந்த வார்ப்படங்களை எடுக்க ஏறினார். அதே அடுக்கில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு டன் எடையுள்ள எந்திரத்தின் கை பின்னாலிருந்து தலையில் அடித்தது. அங்கேயே இறந்துவிட்டார். அந்த எந்திரத்துக்கு, தன் பக்கத்தில் ஒரு மனிதன் நிற்கிறான் என்று தெரிந்துகொள்ள வழியே கிடையாது. வார்ப்படத் தொழிலாளிகள் நிறைந்த ஊரிலிருந்து வருகிறவளுக்கு இந்தச் செய்தி வெறும் வரலாறாகப் படுவதில்லை.

பீன்யாவில் வேலி இல்லை. ஆறு மூட்டுகளோடு வெள்ளைக் கை ஒன்று. கூர்முனை எங்கும் இல்லை, எல்லா ஓரமும் உருண்டை. மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் இந்த வகைக்குக் கோபாட் என்று பெயர். 1996இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கோல்கேட், பெஷ்கின் என்ற இரு பேராசிரியர்கள் தொடங்கிவைத்த யோசனை இது. பட்டறைகளில் விற்கத் தொடங்கியது 2008இல், டென்மார்க்கிலிருந்து. ஒவ்வொரு மூட்டிலும் எவ்வளவு விசை போகிறது என்பதை அது தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்கிறது. எதிர்பாராத எதிர்ப்பு வந்தால் நின்றுவிடும். தோழர் தன் உள்ளங்கையை வழியில் நீட்டினார், கை தொட்டது, நின்றது. மேஸ்திரி அண்ணனும் நீட்டிப் பார்த்தார். எவ்வளவு தொடலாம் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 2016இல் வெளியிட்ட டிஎஸ் 15066 என்ற ஆவணம் மனித உடம்பை 29 இடங்களாகப் பிரித்து, எந்த இடம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அட்டவணை போட்டிருக்கிறது. முகத்திலும் மண்டையிலும் இடிக்கும்படி ஏற்பாடு செய்யவே கூடாது.

இதையெல்லாம் தோழர் விளக்கிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி அண்ணன் எந்திரக் கையைப் பார்க்கவில்லை. அது ட்ரேயில் வைத்த எஃகு வளையம் ஒன்றை எடுத்தார். கட்டைவிரலை வைக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி வளையத்தின் உள் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றினார். பாதிச் சுற்றில் துணி சிக்கியது. இழுத்ததும் இரண்டு நூல் விளிம்பிலேயே நின்றன.

“பிசிர்” என்றார், கடைந்த விளிம்பில் நிற்கும் கூர் முள்ளைச் சொல்கிறார். “கை மெத்தென்று இருக்கிறது, சரி. கையில் பிடித்திருப்பது கத்தி.”

ட்ரேக்குப் பக்கத்தில் நின்று அளவு பார்க்கிற பெண் கிருஷ்ணகிரிப் பக்கம். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். மேஸ்திரி அண்ணன் அவளைத்தான் கேட்டார்: “இது எத்தனை நாளாகம்மா?” அவள் முதலாளியைப் பார்த்தாள். பிறகு இடது கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டினாள். உட்பக்கத்தில் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கோடுகள், பழையதும் புதியதுமாக எட்டோ பத்தோ. எந்திரக் கை ஒரு வளையத்தைக் கொண்டுவந்து வைக்கிற அதே நேரத்தில் அவள் முந்தைய வளையத்தை எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் முழங்கை உயரத்தில் ஒன்றையொன்று கடக்கின்றன.

“சொல்லவில்லையா?”

“யாரும் கேட்கவில்லை ஐயா. கை நன்றாக ஓடுகிறதா என்று வந்து பார்ப்பார்கள். ஓடுகிறது என்று சொல்வேன்.”

தோழரின் முகம் கறுத்துப்போனது. அவர் நல்ல மனிதர். எந்திரம் பொருத்தியபோது ஆபத்துக் கணக்கெடுப்பு செய்து கையெழுத்தும் வாங்கியிருக்கிறார். அந்தக் கணக்கு முழுவதும் எந்திரக் கையைப் பற்றியது. கை எதைப் பிடித்திருக்கிறது, அந்தப் பக்கம் நிற்கிறவளின் கை எந்த நேரத்தில் எங்கே போகிறது என்பது அதில் இல்லை. ட்ரேயை எங்கே வைத்தால் சரியாக இருக்கும் என்று கேட்டதும் அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இடப்பக்கம், ஒரு சாண் தாழ்த்தி. அவளிடம் பதில் பல மாதமாகத் தயாராக இருந்திருக்கிறது! அளவு பார்க்கும் வேலையை நிறுத்திவிட்டு அரை மணி நேரத்தில் மாற்றினார்கள். பிசிரை எடுக்க லேத் ப்ரோகிராமிலேயே ஒரு சாம்ஃபர், அதாவது விளிம்பைச் சரிவாகச் சீவும் வேலை, சேர்த்துவிடுவதாகத் தோழர் சொன்னார், வளையத்துக்குச் சில நொடிகள் கூடுதலாகும்.

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை இங்கே எழுதியே ஆக வேண்டும். நான் பத்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் பட்டறையில் தகடு அடிக்கும் பவர் பிரஸ் ஒன்று இருந்தது. ஒருமுறை பெடலை மிதித்தால் சில நேரம் இரண்டு முறை அடிக்கிறது என்று அதை ஓட்டிய பையன் அப்பாவிடம் சொல்லியிருந்தான். ஆர்டர் முடியட்டும் என்று அப்பா தள்ளிப்போட்டார். அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அப்பா அந்தப் பிரஸ்ஸை விற்றுவிட்டார். ஆனால் கடைசிவரை அந்தப் பையனின் பெயரை வீட்டில் உச்சரிக்கவில்லை. இன்று அந்தப் பெண் சட்டைக் கையைச் சுருட்டியபோது எனக்கு அவன் நினைவுதான் வந்தது.

மூன்றாம் நாள் – புதன்

இன்று பட்டறை இல்லை. பெரியப்பாவுக்குச் சர்க்கரை, கண் பரிசோதனைக்கு நாங்கள் கூட்டிப்போனோம். ஒரு டெக்னீஷியன் விழித்திரையைப் படம் எடுத்தார். மென்பொருள் அதைப் பார்த்து, டாக்டரிடம் அனுப்ப வேண்டுமா என்று சொன்னது. பெரியப்பாவுக்கு இன்னும் பாதிப்பு இல்லை. டாக்டரும் பார்த்து உறுதி செய்தார்.

இந்த வேலையை எந்திரத்துக்குப் பழக்கியதில் நம் ஊர்களுக்குப் பங்கு உண்டு. 2016இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த கூகுள் ஆய்வுக்கு விழித்திரைப் படங்கள் அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தன: அரவிந்த், சங்கர நேத்ராலயா, இந்த ஊரின் நாராயண நேத்ராலயா. மொத்தம் 1,28,175 படங்கள். 54 கண் மருத்துவர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் மூன்றிலிருந்து ஏழு முறை தரம் பிரித்திருக்கிறார்கள். எந்திரத்தின் கண் என்று நாம் சொல்வது அந்த மருத்துவர்களின் கண்தான்.

அதே கருவியைத் தாய்லாந்தில் 11 மருத்துவ நிலையங்களுக்குக் கொண்டுபோனபோது நடந்தது 2020இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதங்களில் போட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று அது ஏற்க மறுத்தது. ஆய்வுக்கூடத்தில் நல்ல படங்களைப் பார்த்துப் பழகியது. விழித்திரைப் படத்துக்கு இருட்டு அறை வேண்டும், அங்கேயோ நர்ஸ்கள் வெளிச்சம் உள்ள அறையில், காத்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே படம் எடுத்தார்கள். எந்த அறையில் வெளிச்சம் குறைவு, எந்த நோயாளி பெரிய மருத்துவமனைக்குப் போகப் பஸ் காசு இல்லாமல் நின்றுவிடுவார் என்று அந்த நர்ஸ்களுக்குத் தெரியும். கிருஷ்ணகிரிப் பெண்ணுக்கு ட்ரேயின் இடம் தெரிந்திருந்தது போல.

இரவு பெரியம்மாவின் பேரன் சதுரங்கப் பலகையோடு வந்தான். கணினிதான் எல்லோரையும் ஜெயித்துவிடுகிறதே, எதற்கு ஆடுகிறாய் என்று மேஸ்திரி அண்ணன் உண்மையான அக்கறையோடு கேட்டார். அவன் ஒரு கதை சொன்னான், நான் சரிபார்த்தேன், உண்மை. 1997இல் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவ், டீப் ப்ளூ என்ற கணினியிடம் தோற்றார். 2005இல் இணையத்தில் நடந்த ஒரு போட்டியில் யாரும் எந்தக் கணினியோடும் சேர்ந்து ஆடலாம் என்று விதி. கணினியைத் துணைக்கு வைத்துக்கொண்ட கிராண்ட்மாஸ்டர்களும் இருந்தார்கள். ஜெயித்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த இரண்டு சாதாரண ஆட்டக்காரர்கள், கையில் மூன்று கணினிகள். எந்தக் கணினி எந்த நிலையில் தடுமாறும், எப்போது ஒன்றை விட்டு இன்னொன்றைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. மேஸ்திரி அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “சோடி சரியாக அமைந்திருக்கிறது” என்றார்.

நான்காம் நாள் – வியாழன்

2025 ஆகஸ்ட் 10 அன்று திறந்த மஞ்சள் தடத்தில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை போனோம். ஓட்டுநர் இல்லாமலும் ஓடக்கூடிய ரயில்கள், ஆனாலும் ஓட்டுநரை வைத்துத்தான் சேவையைத் தொடங்கினார்கள்.

பொம்மசந்திராவுக்கு அப்பால் ஒரு டீக்கடையில் திருப்பத்தூர் தம்பி ஒருவனைச் சந்தித்தோம். கிடங்கு ஒன்றில் வேலை. தரையோடு தரையாக ஓடும் ரோபோக்கள் அலமாரியையே தூக்கிக்கொண்டு அவன் நிற்கும் இடத்துக்கு வரும், அவன் பொருளை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். முன்பு ஷிஃப்டு முழுக்க நடந்தே கால் வீங்கும், அது போய்விட்டது, நல்லதுதான் என்றான். ஆனால் ஒரு அலமாரி நகர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. நடக்கும்போது கிடைத்த மூச்சு இப்போது இல்லை. மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தான். வரிசை வரும் வேகத்தை உன்னால் குறைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, அது மேலே எங்கேயோ இருக்கிறது என்று கையைக் காட்டினான்.

மேஸ்திரி அண்ணன் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். எருதை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

ஐந்தாம் நாள் – வெள்ளி, மறுபடியும் பீன்யா

போகலாம் என்று அவர்தான் சொன்னார். “தூரத்தில் நின்று பார்த்தால் போதாது அம்மிணி. ஒரு தடவை கையைப் பிடித்துப் பார்க்கிறேன்.”

தோழர் எந்திரக் கையை ஓட்டத்திலிருந்து நிறுத்தி, அதற்கு வேலை கற்றுக்கொடுக்கும் கையடக்கத் திரையான டீச் பெண்டன்ட்டின் பின்னால் உள்ள பொத்தானை அழுத்தச் சொன்னார். அதை அழுத்தியிருக்கும்வரை கை தன் எடையைத் தானே தாங்கிக்கொள்கிறது, நாம் பிடித்து இழுத்த பக்கம் வருகிறது. கிருஷ்ணகிரிப் பெண் பொத்தானை அழுத்திக்கொண்டாள். அண்ணன் அதன் மணிக்கட்டைப் பிடித்தார். முதல் முறை பலமாக இழுத்துவிட்டார், அது எங்கேயோ போய் நின்றது. இரண்டாம் முறை இரண்டு விரலால் பிடித்து ட்ரேயிலிருந்து சக் வரை மெல்ல நடத்திக்கொண்டு போனார். சக்கின் வாயருகே வந்ததும் நின்றார்.

“இங்கே இது என்ன செய்கிறது?”

“நேராக உள்ளே வைக்கும், சக் பிடித்துக்கொள்ளும்” என்றார் தோழர்.

“ஜாவில் ஒரு சுருள் ஒட்டியிருந்தால்?”

ஜா என்பது சக்கின் பிடிப்பல், சுருள் என்பது கடையும்போது விழும் சீவல். பதில் இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு வளையம் கோணிப்போய் ரிஜெக்ட் ஆவதற்குக் காரணம் தெரியாமல் இருந்தார்கள். அண்ணன் தன் கையால் ஒரு வளையத்தை எடுத்துக் காட்டினார். முதலில் ஜாவுக்கு ஏர் அடித்தார். பிறகு வளையத்தை உள்ளே வைத்து, இடமும் வலமுமாக ஒரு நூல் அளவு அசைத்து, ஸ்டாப்பரில் முட்டும்வரை உள்ளங்கையால் அழுத்தினார். அதன்பிறகுதான் சக்கை மூடினார். நாற்பது ஆண்டுகளாக ஒரு நாளைக்குப் பல நூறு முறை செய்தது. தான் அசைப்பது அவருக்கே தெரியாது. ஏன் அசைக்கிறீர்கள் என்று அந்தப் பெண் கேட்ட பிறகுதான் தன் கையைப் பார்த்தார். “ஜாப் உட்கார்ந்துவிட்டதா என்று கைக்குத் தெரியும்மா.”

எந்திரக் கைக்கும் முட்டும்வரை அழுத்தும் வசதி இருக்கிறது. இவ்வளவு விசை வந்தால் நில் என்று சொல்லலாம். எவ்வளவு என்பதை அவர்கள் இருவரும் சேர்ந்து தேடினார்கள். அவர் மெல்ல அழுத்திக் காட்டுவார், அவள் திரையில் எண்ணை மாற்றுவாள், வளையத்தை எடுத்து விளிம்பில் அளவு பார்ப்பாள். ஏர் அடிக்க ஒரு குழாயை அவளே கம்பியில் கட்டினாள். பதினோரு மணிக்குத் தொடங்கியது, சாப்பாட்டு நேரம் தாண்டியும் இருவரும் நிமிரவில்லை.

“நான் போன வழியை இது மறக்காதா?” என்று கேட்டார்.

“மறக்காது ஐயா.”

“அப்படியானால் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் அதையும் மறக்காது.” பொத்தானிலிருந்து அவள் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, முழு ஓட்டத்தையும் மெதுவான வேகத்தில் நான்கு முறை பார்த்தார். நான்காம் முறை ட்ரேக்குத் திரும்பும் வளைவை ஒரு கையளவு தள்ளிவைத்தார், அந்தப் பெண்ணின் முழங்கைக்காக.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் என்னிடம் மூன்று விஷயங்கள் கேட்டார். எந்திரக் கைக்குப் பழக்குகிறவருக்குச் சம்பளம் கூட வேண்டும், ஏனென்றால் அவர் கொடுப்பது தன் ஆயுள் தேடிய வித்தை. வேகத்தைக் குறைக்கும் திருகு, பக்கத்தில் நிற்கிறவர் கைக்கு எட்ட வேண்டும். நிறுத்தினவரிடம் ஏன் நிறுத்தினாய் என்று முதலில் கோபிக்கக் கூடாது. மூன்றுக்கும் சரி என்றேன். சொல்லிவிட்டால் போதாது என்று பஸ்ஸில் உட்கார்ந்ததும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிப் படித்துவிட்டுத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

சனி காலை, கணபதி

இரவு பஸ்ஸில் வந்து இறங்கி நேரே பட்டறைக்கு வந்துவிட்டோம். எல்லோரையும் கூப்பிட்டு, பார்த்ததை எல்லாம் சொன்னேன். ஒருவரையும் அனுப்பப் போவதில்லை என்பதை முதலில் சொன்னேன். பவர் பிரஸ் கதையையும் சொன்னேன். விரல் போன அந்த அண்ணனின் பெயரோடு சொன்னேன்.

மேஸ்திரி அண்ணன் அதற்குள் சாக்பீஸ் எடுத்து இரண்டாம் லேத்துக்கு முன்னால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். எந்திரக் கை நிற்கும் இடம் ஒரு சதுரம், அது சுற்றும் தூரம் ஒரு வட்டம், ட்ரே ஒரு நீளக் கட்டம். நான்காவதாக இரண்டு பாதங்கள் வரைந்தார். லேத் ஓட்டும் பையனைக் கூப்பிட்டார்.

“செருப்பைக் கழற்றிவிட்டு இதில் நில். ட்ரே எட்டுகிறதா? இன்னும் இடப்பக்கம் வேண்டுமா, சொல்.”

அவன் நின்று பார்த்தான். வலப்பக்கம் என்றான். அண்ணன் காலால் கோட்டை அழித்துவிட்டு மறுபடியும் குனிந்தார்.